எலி கடித்துப் பொருத்திய டிஸ்ப்ளே கார்டு

ஒரு காட்டில், சிங்கமே ரிட்டயர் ஆகிப் போன காலத்தில், யானை தலைவராக இருந்தது. தலைவரின் வீடு மேட்டில், அலுவலகம் ஓடைக்கரைப் பள்ளத்தில். அலுவலகத்தில் ஒரு பழைய கம்ப்யூட்டர். வெள்ளையாக வந்து மஞ்சளாகிப் போன பெட்டி. மலைமேல் அணையைத் திறந்துவிட்டால் அதன் திரை சிவப்பாகும். உடனே எல்லோரும் மேட்டுக்கு ஓட வேண்டும்.

மழைக்காலம் தொடங்கிய அன்று பார்த்துத் திரை கறுத்துவிட்டது. படம் காட்டும் டிஸ்ப்ளே கார்டு செத்துப் போயிருந்தது.

ஓடைக்கரை வளையில் குடியிருந்த முயல் பதறிக்கொண்டு ஓடி வந்தது. அதன் குட்டிகளுக்கு இன்னும் கண்கூடத் திறக்கவில்லை.

"தலைவரே, சீக்கிரம் சரி பண்ணுங்க. திடீர்னு தண்ணி வந்தா நான் என்ன செய்வேன்?"

யானை டவுனுக்குப் போய்ப் புது கார்டு வாங்கி வந்தது. கடையில் இருந்ததிலேயே பளபளப்பான டப்பா அதுதானாம். மரங்கொத்தி கம்ப்யூட்டர் மெக்கானிக். கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது.

"இது நம்ம மதர்போர்டுக்குச் சேராது தலைவரே. கார்டைச் சொருகுற ஸ்லாட்டுக்குள்ள குறுக்கே ஒரு தடுப்பு இருக்கு பாருங்க. கார்டுல அந்த இடத்துல வெட்டு இருந்தாத்தான் இறங்கும். இதுல வெட்டு வேற இடத்துல இருக்கு."

"அந்தத் தடுப்பு எதுக்கு?"

"இந்தப் புது கார்டு கம்மி வோல்ட்டேஜ்ல ஓடுறது. நம்ம பழைய போர்டு ரெண்டு மடங்குக்கு மேல கொடுக்கும். தெரியாம சொருகிடக் கூடாதுன்னுதான் தடுப்பே வச்சிருக்கான். மாத்திட்டு பழைய மாடல் வாங்கிட்டு வரேன். ரெண்டு நாள் கொடுங்க."

"தலைவர் வாங்கின கார்டு பொருந்தலைன்னு கடைக்காரன் வரைக்கும் தெரியணுமா?" என்றது யானை.

அந்தக் காட்டில் எதையும் திருப்பிக் கொடுக்கும் வழக்கமே கிடையாது. பொருந்தாததை எலியிடம் கொடுப்பார்கள். தலைவரின் நாற்காலி வாசலில் நுழையாதபோது எலி வாசலைக் கடித்தது. குரங்கின் போட்டோ விண்ணப்பத்துக்குப் பெரிதாக இருந்தபோது காதைக் கடித்தது. போட்டோவில் இருந்த காதைத்தான் என்று எலி இன்றும் சாதிக்கிறது.

முயல் மரங்கொத்தியைப் பார்த்தது, வானத்தைப் பார்த்தது. "அண்ணே, நீங்க சொல்றது நியாயம்தான். ஆனா மழை ரெண்டு நாள் பொறுக்குமா?"

"வெட்டு தானே? போட்டாப் போச்சு" என்றது எலி. கடித்தது, துப்பியது. கார்டு ஸ்லாட்டில் இறங்கி உட்கார்ந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

"ஸ்விட்சைப் போடாதீங்க!" என்று மரங்கொத்தி கத்துவதற்குள் யானையின் தும்பிக்கை முந்திக்கொண்டது.

டப்!

கரும்புகை கிளம்பியது. அப்படி ஒரு நாற்றம். பள்ளம் முழுக்கப் புகை நிறைந்து வளைக்குள்ளும் புகுந்தது. மூச்சு முட்டிய விலங்குகள் மேட்டைப் பார்த்து ஓட்டம் பிடித்தன. முயலும் வளைக்குள் பாய்ந்து, குட்டிகளை ஒரு கூடையில் அள்ளிக்கொண்டு விழுந்தடித்து ஓடியது.

மேட்டில் நின்று திரும்பிப் பார்த்தால், பள்ளத்தில் வெள்ளம். அணையை எப்போது திறந்தார்களோ! அலுவலகமும் கம்ப்யூட்டரும் போன இடம் தெரியவில்லை. முயல் குட்டிகளை ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்து, எல்லாம் இருக்கின்றன என்று தெரிந்ததும் ஓவென்று அழுதது.

யானை அங்கேயே கூட்டம் போட்டது. "என் கார்டுதான் நம்மைக் காப்பாத்துச்சு. இந்த மரங்கொத்தி பேச்சைக் கேட்டிருந்தா? கார்டு வரட்டும்னு பள்ளத்துல உட்கார்ந்திருப்போம். இந்நேரம் அத்தனை பேரும் காலி!"

மரங்கொத்தி யோசித்துப் பார்த்தது. யானை சொன்னதில் பொய் இல்லை.

முயல் மெதுவாக மரங்கொத்தியின் பக்கத்தில் வந்தது. "அண்ணே, நீங்க சொன்னது அத்தனையும் சரி. அதனாலதான் உங்களை நினைச்சா எனக்குப் பயமா இருக்கு."

இப்போது அந்தக் காட்டில் ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் ஒரு பழைய கம்ப்யூட்டரும் பொருந்தாத கார்டும் வாங்குகிறார்கள். தெரியாத்தனமாகப் பொருந்துகிற கார்டு வந்துவிட்டால் ஊரே முழுகிவிடுமே! ஆகையால் பொருந்தாத கார்டாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை, நல்ல சம்பளத்தில், மரங்கொத்தியிடமே கொடுத்துவிட்டார்கள்.

நீதி: தப்பு தானாக நடந்துவிடும் என்று நம்பி இருக்கக் கூடாது; அதற்கும் விஷயம் தெரிந்த ஒருவரை வேலைக்கு வைக்க வேண்டும்.