தற்காலிகம் சாரின் மீன் கூடை

தற்காலிகம் என்ற சொல்லுக்கு ஒன்பது வருஷம் என்று அர்த்தம் கண்டுபிடித்த ஒரே மனுஷர் இந்தப் பூலோகத்தில் எங்கள் தற்காலிகம் சார்தான். அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார். எல்லாக் கடிதத்திலும் கையெழுத்துக்குக் கீழே ‘தற்காலிக நிர்வாகி’ என்று அடிக்கச் சொல்வார். அடித்த டைப்பிஸ்ட் நான். ஆகவே பட்டப்பேர் பரவிய பாவத்தில் எனக்கும் பங்குண்டு.

ஐம்பதுகளில் மீமிசல் பக்கம் ஒரு சங்கம் நடத்திய அநாதைப் பிள்ளைகள் விடுதி அது. நாற்பது பிள்ளைகள். பழைய நிர்வாகி திடீரென்று விலகிப் போக, சரியான ஆள் கிடைக்கும்வரை பார்த்துக்கொள்ளுங்கள் என்று இவரை உட்கார வைத்தார்கள். உட்கார வைத்தார்கள் என்றா சொன்னேன்? அதுதான் இல்லை. ஆபீசில் நிர்வாகிக்கென்று ஒரு பிரம்பு நாற்காலி கிடந்தது. தினமும் காலையில் அதைத் துடைப்பார், கும்பிடாத குறைதான். பிறகு பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு அதில் உட்கார்ந்துகொள்வார். “அது நிரந்தரமா வர்றவங்களுக்குங்க” என்பார். விடுதிப் பூனைக்கு இந்தச் சட்டமெல்லாம் தெரியாது. ஒன்பது வருஷமும் அந்த நாற்காலியில் நிர்வாகம் செய்தது பூனைதான்.

வருஷா வருஷம் பேப்பரில் விளம்பரம் கொடுப்போம். ஆட்கள் வருவார்கள். சங்கத்தின் தலைவரான அரிசி மில்காரர் காபி கொடுத்து நாலு கேள்வி கேட்டு, “ரொம்ப சந்தோஷம்” என்பார். அப்புறம் தற்காலிகம் சார் எழுந்து ஒரு பனையோலைக் கூடையை நீட்டுவார். “கட்டுமாவடிக்கு பஸ் இருக்குங்க. போயிட்டு வாங்க.”

விஷயம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்புக்குக் கட்டுமாவடிக் கரையில் படகுக்கு ரெண்டு மீன் பிள்ளைகள் பங்கென்று போடுவார்கள். நாம் போய்க் கூடையோடு நின்று கேட்க வேண்டும். பெரிய படிப்புப் படித்தவரைக் கூடை தூக்கச் சொன்னால் என்ன ஆகும்? முதல் வருஷம் திருச்சியிலிருந்து வந்த எம்.ஏ., “கூடையத் தூக்க பியூன் எங்க?” என்று கேட்டார். பியூனே கிடையாது என்றதும் வந்த பஸ்ஸிலேயே திரும்பிப் போனார். இன்னொருவர் மேடைப் பேச்சாளர். கரையில் ஏறி நின்று தர்மத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசியிருக்கிறார். ஜனம் அசந்து போய்க் கேட்டது. மீனைக் காக்கா தூக்கிக்கொண்டு போனது. வெறுங்கூடையோடு வந்து, “பயங்கரக் கைதட்டல்ங்க” என்றார். ரிட்டயரான போலீஸ்காரர் ஒருவர் கூடை நிறைய மீனோடு வந்தார். ஆகா, கிடைச்சாச்சுடா ஆள் என்று நான் ஆர்டர் அடிக்கப் பேப்பரைச் சொருகிவிட்டேன். சார் கூடையைப் பார்த்தார். “இது கேட்டு வாங்குனது இல்லைங்க. பயந்து குடுத்தது. திருப்பிக் குடுத்துட்டு வந்துருங்க.” மனுஷர் திருப்பிக் கொடுக்கப் போனவர்தான், வரவே இல்லை.

ஒன்பதாம் வருஷம் விடுதிகளைப் பார்வையிடும் அதிகாரி வந்தார். நாற்காலியில் பூனை, ஸ்டூலில் சார். “ஆடி முடியறதுக்குள்ள நிரந்தர நிர்வாகி இருக்கணும். இல்லைன்னா அனுமதி ரத்து. பிள்ளைங்களை ஆளுக்கொரு ஊரு விடுதிக்குப் பிரிச்சு அனுப்பிருவோம்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

தலைவர் கெஞ்சினார். “நீரே இருந்துருமேய்யா.”

“எனக்குத் தகுதி இல்லைங்க.”

பி.ஏ. இல்லாததைச் சொல்கிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

ஆடி பாதி போனபோது இலுப்பூரிலிருந்து கமலம் டீச்சர் வந்தார். மெலிந்த உருவம், குடை ஒன்று. கூடையை வாங்கிக்கொண்டு மறுபேச்சில்லாமல் பஸ் ஏறினார். சாயங்காலம் திரும்பியபோது மீனையும் காணோம், கூடையையும் காணோம்.

“என்னம்மா, கூடை எங்க?” என்றார் தலைவர்.

“அங்க ஒரு அக்கா கூடை பிஞ்சு போச்சுன்னாங்க. குடுத்துட்டேன்ங்க.”

“மீனு?”

“மூணு நாளாப் பாடு இல்லைங்க. போன படகெல்லாம் வெறுசாத் திரும்பியிருக்கு. அடுப்பு பத்தாத வீட்டு வாசல்ல போய் எப்படிங்க கேக்குறது? செத்த நேரம் பேசிக்கிட்டு இருந்துட்டு வந்தேன்.”

தலைவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். நாற்பது பிள்ளைகளும் போச்சு என்று நானும் நினைத்தேன். சார் மெதுவாக ஸ்டூலைவிட்டு எழுந்தார். பூனையைத் தூக்கிக் கீழே விட்டார். பிரம்பு நாற்காலியைத் தோளில் கிடந்த துண்டால் ஒரு தட்டு தட்டி இழுத்துப் போட்டார்.

“ஒக்காருங்கம்மா” என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கத்திரிக்காய்க் குழம்பு. பிள்ளைகள் முணுமுணுத்தன. அடுத்த வாரம் கட்டுமாவடிப் பெண்கள் தாங்களாகவே பஸ்ஸில் ஒரு கூடை மீன் அனுப்பி வைத்தார்கள். எங்கள் பழைய கூடைதான்.

“டீச்சர்தான் சரியான ஆளுன்னு எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?” என்று கேட்டேன்.

“மொத வருஷம் தம்பி, இதே மாதிரிப் பாடு இல்லாத நாளு. நான் கூடையை நீட்டிட்டேன். ஒரு அம்மா இல்லைன்னு சொல்ல மனசு வராம, உள்ள போயி சட்டியில கெடந்த நாலு மீனைக் கொண்டாந்து போட்டுச்சு. வாங்கிட்டு வந்துட்டேன். நம்ம பிள்ளைங்க சாப்பிட்டுச்சுக. அப்புறந்தான் ஒறைச்சுச்சு, அது அந்த வீட்டுப் பிள்ளைங்க மீனுன்னு.” துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “கேக்கத் தெரிஞ்ச ஆளு நான். எங்க கேக்கக் கூடாதுன்னு தெரிஞ்ச ஆளு வரணும்னுதான் இருந்தேன்.”

மறுநாள் ராஜினாமாக் கடிதம் சொன்னார். மெஷினில் ரிப்பன் கிழிந்துவிட்டது என்றேன். அதற்கடுத்த நாள் பேப்பர் தீர்ந்துவிட்டது என்றேன். மூன்றாம் நாள் அவரே பேப்பர் வாங்கி வந்து, ரிப்பனையும் சுற்றி மாட்டிவிட்டு, என் எதிரில் அந்த ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். அடித்துக் கொடுத்தேன். கார்பன் காப்பியை ஃபைலில் வைக்கச் சொன்னார். வைக்கவில்லை. இன்றைக்கும் என் பெட்டியில்தான் இருக்கிறது. எழுத்தெல்லாம் வெளிறிவிட்டது.

பஸ் ஸ்டாண்டு வரை போனேன். அவர் கையில் ஒரு மஞ்சள் பை, அவ்வளவுதான். “வாரேன் தம்பி” என்று ஏறிக்கொண்டார். வரவில்லை. எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. டீச்சர் இருந்தவரை ஸ்டூல் நாற்காலிக்குப் பக்கத்திலேயே கிடந்தது, யாரையும் எடுக்க விடவில்லை.

அந்த பஸ் கிளம்பக் கால் மணி நேரம் இருந்தது. ஜன்னலோரம் நின்று மழை, வெயில், பூனை என்று என்னென்னவோ பேசினேன். இருங்க சார், போகாதீங்க என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஒன்பது வருஷம் அவர் பக்கத்தில் இருந்தும் எனக்குக் கேட்கத் தெரியவில்லை.