பத்துக் கல் இளைத்த கதை

உடம்பைக் குறைக்கப் போகிறேன் என்று ஊரைக் கூட்டிச் சொல்லிவிட்டு, ஏழு வாரம் நான் குறைத்தது கற்களைத்தான். அதுவும் நானே என் இடுப்பில் கட்டிக்கொண்ட கற்களை. முட்டாள்தனத்தில் பல தினுசு உண்டு. அடுத்தவன் ஏமாற்றி நாம் முட்டாளாவது ஒரு தினுசு. என்னுடையது, மெனக்கெட்டுத் திட்டம் போட்டு, ஊசி நூல் எடுத்துத் தையலும் போட்டுத் தயாரித்த தினுசு.

இரண்டாயிரத்து நாலாம் வருஷம். விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் நான் அச்சுப் பிரிவுக்கு மேஸ்திரி. அகல் விளக்கு, பொம்மை, ஊறுகாய் ஜாடி என்று கலந்துகட்டிச் செய்யும் கம்பெனி. என் மனைவி கலாவும் அங்கேதான் வேலை செய்தாள். அச்சிலிருந்து எடுத்துக் காயவைத்த சாமான்களின் பிசிறைச் சீவி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்துச் சூளைக்கு அனுப்புகிற பினிஷிங் பிரிவு அவளுடையது.

அந்த ஆவணியில் அவளுக்கு அடிக்கடி தலை சுற்றுகிறது என்று டாக்டரிடம் போனோம். சர்க்கரை. டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்துவிட்டு, "ஒரு வருஷத்துல பத்து கிலோ குறைங்கம்மா. குறைச்சா மாத்திரையோட நிறுத்திக்கலாம். இல்லன்னா ஊசிதான்" என்றார். வெளியே வந்து வண்டியில் உட்காரும் முன் தன் கால் விரல்களை ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொண்டாள். அவளுடைய அம்மாவுக்குச் சர்க்கரையில் கால் விரல் இரண்டை எடுத்தபோது பக்கத்தில் இருந்து பார்த்தவள் அவள். எனக்கு அது சட்டென்று நினைவுக்கு வரவில்லை. (எனக்கு நினைவுக்கு வந்தது, மத்தியானம் என்ன குழம்பு என்பதுதான்.)

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது சொன்னாள்:

"நான் ஒருத்தியா ஆரம்பிச்சா பத்து நாள்ல விட்டுடுவேங்க. எனக்கே தெரியும். நீங்களும் கூட வாங்க. நீங்க கொறையறத பாத்தா நானும் அப்புடியே புடிச்சிகிட்டு வந்துடுவேன்."

"நானா? உனக்கு முன்னாடி நான் எளச்சிக் காட்டறேன் பாரு" என்றேன்.

அப்போது நான் தொண்ணூற்று நாலு கிலோ. வாய்க்கு மட்டும் எடை கிடையாது என்பதால் அது எவ்வளவு வேண்டுமானாலும் தூக்கிப் பேசும். என் பழைய சரித்திரம் எனக்குத் தெரியாததா? ஸ்கிப்பிங் கயிறு வாங்கினேன். மூன்றாம் நாள் அது கொடிக்கயிறானது. காலையில் வெந்நீரில் தேன் கலந்து குடித்தால் இளைக்கும் என்றார்கள்; ஒரு வாரத்தில் தேன் தீர்ந்தது, வெந்நீர் அப்படியே இருந்தது. ஆரம்பிப்பதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை. இரண்டாவது வாரத்தில்தான் எனக்கு வேறு வேலை வந்துவிடும்.

கம்பெனியில் மண் மூட்டை எடை போடுகிற பெரிய பிளாட்பாரத் தராசு ஒன்று உண்டு. சனிக்கிழமை தோறும் சாப்பாட்டுக்கு அப்புறம் அதில் இருவரும் ஏறி நிற்பது, எடையை ஸ்டோர் ரூம் கதவில் சாக்பீஸால் எழுதுவது என்று கலா முடிவு செய்தாள். எழுதுகிறவர் சூளை பார்க்கும் சண்முகம் அண்ணன். அவர் பொய் எழுத மாட்டார். அதுதான் எனக்கு உதைத்தது.

எங்கள் கம்பெனியில் பால் மில் என்று ஒரு பெரிய உருளை உண்டு. அதற்குள் மண்ணையும் தண்ணீரையும் ஊற்றி, கூடவே கைக்கு அடக்கமான உருண்டைக் கற்களைப் போட்டுச் சுற்றவிட்டால், கல் உருண்டு உருண்டு மண்ணை வெண்ணெய் மாதிரி அரைத்துவிடும். உபரிக் கற்கள் ஒரு தொட்டியில் கிடக்கும். ஒவ்வொன்றும் ஏறக்குறைய அரைக் கிலோ. முதல் எடைக்கு முந்தின நாள் அந்தத் தொட்டியைத் தாண்டிப் போனபோது என் மூளை வேலை செய்தது. (அதற்கு முன்னாலும் பின்னாலும் அது அவ்வளவு சுறுசுறுப்பாக வேலை செய்ததில்லை.)

பழைய தலையணை உறையைக் கிழித்து, பத்து அறை வைத்து, இடுப்புப் பட்டையாகத் தைத்தேன். அறைக்கு ஒரு கல். மேலே தொளதொளவென்று சட்டை. முதல் நாள் பத்துக் கல்லோடு ஏறி நிற்பது. வாரத்துக்கு ஒரு கல் எடுத்துவிடுவது. வாரம் தவறாமல் அரைக் கிலோ குறையும். நான் குறைவதைப் பார்த்துத்தானே கலாவுக்கு உற்சாகம் வர வேண்டும்? நான் குறைந்தால் என்ன, கல் குறைந்தால் என்ன? அவளுடைய உற்சாகத்துக்காகத்தான் செய்கிறேன் என்று எனக்கே உருக்கமாகச் சொல்லிக்கொண்டேன். கயவாளித்தனத்துக்குக் கருணை என்று பெயர் வைத்துவிட்டால் தூக்கம் நன்றாக வரும்.

முதல் சனிக்கிழமை சண்முகம் அண்ணன் தராசு முள்ளைப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"தொண்ணூத்தொம்பது! யப்பா தம்பி, இன்னும் ஒரு கிலோ ஏறுனா ஒன்ன மூட்ட கணக்குல சேத்துடலாம்."

"அண்ணே, சும்மா எழுதுங்க. இன்னிக்கித்தான் கடைசி. இனிமே எறக்கம்தான்" என்றேன். பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். கலா எழுபத்தாறு.

மறுநாள் விடியற்காலை ஐந்தரைக்கு இருவரும் நடந்தோம். அந்த ஒரு வாரம் நிஜமாகவே நடந்தேன், சாமி சத்தியமாக. இரண்டாவது வாரத்தில் வேப்பூரில் லாரிக்குச் சரக்கு ஏற்றிவிடுகிற வேலை என் தலையில் விழுந்தது. விழுந்தது என்ன விழுந்தது, நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். ஹைவேயில் வரிசையாக ஓட்டல். லாரி வரும்வரை சும்மா உட்கார்ந்தால் ஓட்டல்காரர் என்ன நினைப்பார்? மரியாதைக்காக நாலு பரோட்டா. மரியாதை குறைந்துவிடக் கூடாதென்று மேலே இரண்டு.

ஆனால் சனிக்கிழமை தவறாமல் நான் இளைத்தேன். தொண்ணூற்று எட்டரை. தொண்ணூற்று எட்டு. தொண்ணூற்று ஏழரை. நாலாவது வாரம் கல்லை எடுத்தும் முள் அசையவில்லை. எடுத்த கல்லின் இடத்தில் பரோட்டா உட்கார்ந்துவிட்டது. அதனால் ஐந்தாவது வாரம் இரண்டு கல்லாக எடுத்துச் சரிக்கட்டினேன். 'மடியில் கனம் இருந்தால் வழியில் பயம்' என்பார்கள். எனக்குப் பயமே இல்லை. வாரா வாரம் கனம் குறைகிறதே!

கலாவோ தினமும் நடந்தாள். மழை பெய்தால் எஸ்டேட் ஷெட்டுக்குள்ளேயே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். டீயில் சர்க்கரையை நிறுத்தினாள். ஐந்து வாரத்தில் ஒரு கிலோ குறைந்தாள். டாக்டர் சொன்ன கணக்குக்கு அதுவே சரியான வேகம் என்று இன்றைக்கு எனக்குத் தெரிகிறது. ஆனால் கதவில் அவள் எண்ணுக்குப் பக்கத்திலேயே என் எண் இறங்கி இறங்கிப் போய்க்கொண்டிருந்தது.

"நீங்க எப்படிங்க?" என்று ஒருநாள் கேட்டாள்.

"மன உறுதி" என்றேன். சொல்லும்போது இடுப்பில் நாலு கல் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கொளஞ்சியப்பர் கோயிலுக்குக் கிளம்பினாள். எங்கள் பக்கத்தில் வேறு எங்கேயும் தீராத வழக்கை அந்த முருகனிடம்தான் பிராது கொடுப்போம். குறையை மனுவாகச் சீட்டில் எழுதி, சாமி பாதத்தில் வைத்து வாங்கி, அங்கேயே இருக்கும் முனியப்பர் சன்னிதி எதிரே உள்ள வேலில் கட்டிவிட்டு வர வேண்டும். சாமி விசாரிப்பார்.

"ஒங்க எழுத்து முத்து முத்தா இருக்கும். நீங்களே எழுதுங்க" என்று சீட்டை என்னிடம் நீட்டினாள். நான் மண்டபத்தில் உட்கார்ந்து தொடையில் வைத்து எழுத, அவள் சொல்லிக்கொண்டு வந்தாள்.

"நானும் எங்க வூட்டுக்காரரும் ஒரே ஒலை சோறுதான் திங்கிறோம். அவரு வாரா வாரம் கொறையறாரு. நான் என்னா நடந்தும் எனக்குக் கொறைய மாட்டேங்குது. இதுக்கு யாரு காரணம்னு விசாரிச்சு…"

பேனா நின்றது. "யாரு காரணம்னு எதுக்கு கலா? என்ன காரணம்னு போட்டா போதாதா?"

"யாருன்னே எழுதுங்க. எவளாவது கண்ணு வெச்சிருந்தாலும் வெச்சிருப்பா."

எழுதினேன். குற்றவாளியே தன் மேல் உள்ள புகாரை எழுத்துப் பிழை இல்லாமல் எழுதிக் கட்டியது அந்தக் கோயிலில் அதுதான் முதல் தடவையாக இருக்கும். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். மண்டபத்தில் கூட்டம்கூட இல்லை. நானும் அவளும்தான். "கலா, அது நான்தான்" என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? இத்தனை வருஷம் கழித்தும் அந்த மண்டபத்தைத் தாண்டும்போது அந்தக் கேள்விதான் வருகிறது.

சாமி விசாரிக்கும்வரை அவள் காத்திருக்கவில்லை. அன்று முதல் ராத்திரி தோசை சுட்டால் என் தட்டில் இரண்டு கூடுதலாக விழுந்தது.

"எனக்குப் பசியே இல்லங்க. வீணாப் போவுது, நீங்க சாப்புடுங்க."

நான் சாப்பிட்டேன். பசி எங்கே போனது என்று கேட்கவில்லை. சட்னி கேட்டேன். வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம், "பச்ச வெளக்க வெயில்ல வெக்காதப்பா. நெழல்ல மெதுவாக் காயணும். அவசரப்பட்டா வெடிச்சிடும்" என்று தினமும் உபதேசம் செய்கிற மேஸ்திரி நான். என் வீட்டில் ஒருத்தி அவசர அவசரமாகக் காய்ந்துகொண்டிருந்தது என் கண்ணில் படவில்லை.

ஏழாவது வாரத்துச் சனிக்கிழமை. கார்த்திகை நெருங்குவதால் ஷெட் முழுக்கப் பலகை பலகையாக அகல் விளக்கு காய்ந்துகொண்டிருந்தது. கலா தராசில் ஏறினாள். சண்முகம் அண்ணன் முள்ளைப் பார்த்துவிட்டுக் கத்தினார்.

"எழுவத்து மூணர! அடி சக்க! ரெண்டு வாரத்துல ஒன்னர கிலோ கொறச்சிருக்குதும்மா!"

பெண்கள் கைதட்டினார்கள். கலா என் பக்கம் திரும்பிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றது. கண் மேலே போனது. பிடிக்க ஒன்றும் இல்லாமல் பக்கத்துப் பலகையைப் பிடித்தாள். பலகையோடு, அதில் இருந்த அத்தனை விளக்கோடும் சரிந்தாள்.

நான் பாய்ந்தேன். தொண்ணூற்றைந்து கிலோ பாய்ந்தால் எப்படி இருக்கும் என்று அன்று கம்பெனியே பார்த்தது. அவளைத் தூக்கக் குனிந்த வேகத்தில் இடுப்புப் பட்டையின் தையல் பிரிந்தது. மிச்சமிருந்த இரண்டு கல்லும் சட்டைக்கு அடியிலிருந்து தொம், தொம் என்று சிமெண்ட் தரையில் விழுந்தன. ஒன்று உருண்டு போய்ச் சண்முகம் அண்ணன் காலில் முட்டி நின்றது.

யாரோ டீக்கடைக்கு ஓடிச் சர்க்கரை வாங்கிவந்து கலாவின் வாயில் போட்டார்கள். யாரோ முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். சண்முகம் அண்ணன் மட்டும் அந்தக் கல்லைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, இது நம்ப பால் மில்லு கல்லாச்சே. ஒன் இடுப்புல என்னா பண்ணுது?"

அவருக்குப் பதில் சொல்வதற்குள் கலா கண்ணைத் திறந்தாள். என்னைப் பார்த்து அவள் கேட்ட முதல் வார்த்தை:

"நீங்க ஏறிட்டீங்களா? ஒங்களுக்கு எவ்ளோ காட்டுச்சு?"

அந்தக் கேள்விக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். (என் சுற்றளவுக்குப் பிளப்பது சிரமம் என்று விட்டுவிட்டது போலிருக்கிறது.)

ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்கும்போது டாக்டர் அவளைத் திட்டினார். "மாத்திரையும் போட்டுகிட்டு ராத்திரிப் பட்டினியும் கெடந்தா சர்க்கரை எறங்காம என்னம்மா செய்யும்? நல்லாத்தானே குறைஞ்சுகிட்டு வந்தீங்க? யாரு சொன்னா பட்டினி கெடக்கச் சொல்லி?"

"யாரும் சொல்லல சார்" என்றாள்.

அவர் போனபிறகு நான் எல்லாவற்றையும் சொன்னேன். வேப்பூர், பரோட்டா, தலையணை உறை உட்பட. அவள் முழுக்கக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள். "மொத்தம் எத்தினி கல்லு?"

"பத்து."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். திட்டுவாள், அழுவாள், நாலு பேர் பார்க்கக் கத்துவாள் என்று எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தேன். அந்த முதுகுக்குத் தயாராக இல்லை.

திங்கட்கிழமை வேலைக்கு வந்தவள் தன்னுடைய ஸ்பாஞ்சை நனைத்து எடுத்துக்கொண்டு நேராக ஸ்டோர் ரூம் கதவுக்குப் போனாள். என் பக்கத்து எண்களைச் சுத்தமாகத் துடைத்தாள். தன்னுடையதை விட்டுவைத்தாள். அடுத்த நாள் விடியற்காலை பினிஷிங் பெண்கள் மூன்று பேரோடு நடக்கப் போனாள். ராத்திரி நேரத்துக்குச் சாப்பிட்டாள். ஒரு மாதம் குறைந்தாள், ஒரு மாதம் அப்படியே நின்றாள், தீபாவளிக்குக் கொஞ்சம் ஏறினாள், மறுபடியும் இறங்கினாள். பத்து கிலோ குறைய இரண்டு வருஷத்துக்கு மேல் ஆனது. ஊசி வரவில்லை. குறை தீர்ந்தால் பிராதைத் திரும்பப் பெற்று 'ராஜினாமா' எழுத வேண்டும்; அதற்கும் அவளே போய், அவள் கையாலேயே எழுதிக் கொடுத்தாள். என் எழுத்து எவ்வளவு முத்தாக இருந்தாலும் என்னைக் கூப்பிடவில்லை.

எனக்கு மிஞ்சியது பெயர். எங்கள் பக்கத்து மங்களூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனால், பந்தியில் உட்காரும் முன்பே மச்சினன் குரல் கொடுப்பான்: "மாமா வராரு, அம்மிக்கல்ல உள்ள எடுத்து வையிங்க!" என் மகளுக்கு அப்போது ஐந்து வயது, அவளுக்கு எதுவும் நினைவிருக்க நியாயமில்லை. ஆனாலும் நான் எதையாவது ஜம்பமாகச் சொன்னால், "அப்பா, சட்டையத் தூக்கிட்டுச் சொல்லுங்க" என்கிறாள். நானும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்துவிடுவேன். சிரிப்பதில் கலா மட்டும் கலந்துகொள்வதில்லை. எழுந்து போய் யாருக்காவது சோறு போடுவாள்.

போன மாதம் எனக்கும் சர்க்கரை வந்துவிட்டது. அதே டாக்டர், அதே பத்து கிலோ. புதுசாக கேன்வாஸ் ஷூ வாங்கினேன். மறுநாள் ஐந்தரைக்கு அவள் கிளம்பும்போது ஷூவை மாட்டிக்கொண்டு கேட் பக்கத்தில் நின்றேன்.

"கலா, நான் ஒருத்தனா ஆரம்பிச்சா பத்து நாள்ல விட்டுடுவேன். எனக்கே தெரியும். இன்னியிலேர்ந்து ஒன்கூடவே வரட்டுமா?"

கேட்டைப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒரு தடவை பார்த்தாள்.

"முன்னாடி நடங்க."