பதினேழு வினாடி மௌனம்

எங்கள் பெரியப்பா தன்னுடைய பணி ஓய்வு விழாவில் மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "சம்சாரத்துக்கு ஒரு விஷயத்தைப் பிடிக்க வைக்கணும்னா, அதைப் பத்தி அவகிட்ட பேசவே கூடாது. அதுக்குப் பதிலா..." மைக் மக்கர் செய்தது. மீதியை முன்வரிசைக்காரர்கள் கேட்டுவிட்டுக் கைதட்டினார்கள். நான் கடைசி வரிசை. இன்றுவரை எனக்குத் தெரிந்தது அந்த முதல் பாதிதான்.

அந்தப் பாதியை நம்பித்தான் திட்டம் போட்டேன்.

விஷயம் ஓர் இசைத்தட்டு. வெளிநாட்டில் இருபத்திரண்டு வருஷம் குப்பை கொட்டிவிட்டு ஊர் திரும்புகிற கடைசி வாரம், மழைக்கு ஒதுங்கிய பழைய சாமான் கடையில் அகப்பட்டது. மழை விடும்வரை கடைக்காரர் முறைக்காமல் இருக்கட்டும் என்று வாங்கினேன். எழுபதுகளின் தொடக்கத்தில் பிரிட்டனில் நாலு பேர் சேர்ந்து போட்ட ராக் ஆல்பம். பெயர் 'உப்புக் கிடங்கு'. அட்டையில் சாம்பல் நிறக் கட்டடம், ஆணியில் தொங்கும் ஒரு மழைக்கோட்டு. வெளிவந்தபோது சீந்துவாரில்லை. அந்த நாலு பேரைப் பெற்ற அம்மாக்கள்கூட ஆளுக்கொன்றோடு நிறுத்திக்கொண்டார்கள் போலிருக்கிறது. இணையத்தில் தேடினால் ஆறு வரி வரும். அதில் மூன்று வரி அட்டையின் நிறத்தைப் பற்றி. பாட்டு எங்கேயும் கிடையாது.

ஊருக்கு வந்து ரெக்கார்டு ப்ளேயர் வாங்கினேன். அதோடு இரண்டு ஸ்பீக்கர் வந்தது. என் அறை தீப்பெட்டி. மொழிபெயர்க்க வந்த கையேடுகள் சுவரோரம் என் உயரத்துக்கு நிற்கும். என் பிழைப்பு அதுதான்: வாஷிங் மெஷின், ஓவன், டிவி வாங்குகிறவர்களுக்கான கையேடுகளை இந்த மொழியிலிருந்து அந்த மொழிக்கு மாற்றுவது. ஊருக்கெல்லாம் கையேடு எழுதுகிறவன் தன் வீட்டுப் பெட்டியில் வந்ததைப் பிரித்துப் பார்ப்பானா? ஒரு ஸ்பீக்கருக்குத்தான் மேஜையில் இடம் இருந்தது. இன்னொன்றைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். இரண்டும் ஒரே பாட்டைத்தானே பாடப்போகிறது?

ஊசியை வைத்தேன். தட்டைத் திருப்பிப் போட்டதைத் தவிர நாற்பத்தோரு நிமிஷம் எழுந்திருக்கவில்லை.

அதிலும் மூன்றாவது பாட்டு. பாடுகிறவர் நடுத்தர வயசுக்காரர் என்று குரலே சொல்கிறது. வீட்டுக்குள் யாரையோ பார்த்து நாலு கேள்வி கேட்கிறார். விளக்கை அணைத்தாயா, கதவைச் சாத்தினாயா, மழை நின்றுவிட்டதா, இன்னும் என்மேல் கோபமா. ஒவ்வொரு கேள்விக்கும் பிறகு பதினேழு வினாடி வெறுமை. ட்ரம்ஸ்காரர் குச்சியால் ஓரத்தில் டிக் டிக் என்று தட்டுவார், அவ்வளவுதான். எந்தக் குழுவுக்கு வரும் அந்தத் துணிச்சல்? மேடை முழுக்கத் தூக்கிக்கொடுத்துவிட்டு மௌனத்தைப் பாட விட்டிருக்கிறார்கள்! எனக்குப் புல்லரித்தது. முன்கையில் அரை மணி நேரம் முடி படியவில்லை.

இதைப் பகிர்ந்துகொள்ள ஆள் வேண்டாமா? மனைவியைக் கூப்பிட்டேன். அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். ஒரு துளியைப் பார்த்து ஆளின் சரித்திரத்தையே சொல்லிவிடுவாள். ஆனால் கேட்டால்தான் சொல்வாள். தானாக ரிப்போர்ட் கொடுக்கிற பழக்கம் அங்கேயும் இல்லை, வீட்டிலும் இல்லை.

வாசலில் நின்று கால் நிமிஷம் கேட்டாள்.

"என்னங்க, மிக்ஸியா ஓடுது?"

"கிடார்."

"ரிப்பேரா?"

"அது அப்படித்தான் வாசிக்கணும்."

"பாவம்" என்று போய்விட்டாள். பாவம் யார் என்று சொல்லவில்லை.

அப்போதுதான் பெரியப்பா நினைவுக்கு வந்தார். பேசக் கூடாது. சரி, பேசவில்லை. அவள் வேலைக்குப் போன நேரம் கட்டிலுக்கு அடியில் கிடந்த ஸ்பீக்கரை எடுத்து, அறைக்கும் சமையலறைக்கும் நடுவிலுள்ள நடைபாதை ஓரமாக வயரை ஒட்டிக்கொண்டே போய், சமையலறையின் மேல் அலமாரியில் டப்பாக்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். இனி நான் அறைக்குள் கேட்கும்போதெல்லாம் அங்கேயும் மெல்லிசாகக் கேட்கும். வெங்காயம் நறுக்கும்போது காது வழியாக உள்ளே போகும். ஒருநாள் தானாக வந்து, "அந்தப் பாட்டைப் போடுங்களேன்" என்பாள். போடுகிறபோது நான் லேசாகப் புன்னகைப்பேன். புன்னகையைக் கண்ணாடியில் ஒத்திகைகூடப் பார்த்துக்கொண்டேன்.

மாதங்கள் போயின. அவள் வரவில்லை. ஒரே ஒரு தொல்லைதான் வந்தது. மூன்றாவது பாட்டில் மௌனம் வருகிற நேரமாகப் பார்த்து, சமையலறைப் பக்கமிருந்து லேசாக ஒரு பெண் குரல்.

"கொஞ்சம் பாடாம இரேன்! மௌனம் கெட்டுப்போகுது!"

"நான் எங்க பாடினேன்?"

"இப்ப ஒரு பொம்பளைக் குரல் கேட்டுச்சே."

"ஆமா, கேட்டுச்சு."

"இந்த வீட்டுல உன்னை விட்டா வேற பொம்பளை யாரு?"

"அதை நானில்ல உங்களைக் கேட்கணும்?"

குறும்பு என்று நினைத்துக் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டேன்.

இப்படி ஒன்றரை வருஷம் ஓடியபிறகு இசை ரசிகர் வட்டத்தின் செயலாளர் அழைத்தார். ஓய்வுபெற்ற பல் டாக்டர். "சார், ஞாயித்துக்கிழமை நம்ம கூட்டத்துல யாரும் கேட்காத ஆல்பம் ஒண்ணைப் பத்திப் பேசுங்களேன். வலிக்காம நாற்பது நிமிஷம்" என்றார். பழைய தொழிலின் வாசனை.

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஐம்பது வருஷம் தாமதமாக அந்த நாலு பேருக்கு ஒரு கைதட்டல் வாங்கிக்கொடுத்தாக வேண்டும். அந்தக் கைதட்டலில் என் மனைவியின் இரண்டு கைகளும் இருந்தாக வேண்டும். வாழ்க்கையில் வேறொன்றும் வேண்டாம் என்று தோன்றியது. பதினோரு பக்கம் எழுதினேன். அதில் ஏழு பக்கம் மௌனத்தைப் பற்றி. சனிக்கிழமை காலை அவளை உட்காரவைத்து வாசித்துக் காட்டினேன்.

"ஒரு சந்தேகம்" என்றாள்.

"தாராளமா கேளு."

"அந்த இடத்துல யாருமே பாடலைன்னு நிச்சயமா தெரியுமா?"

"நூறு தடவைக்கு மேல கேட்டிருக்கேன்."

"எங்க உக்காந்து?"

"இது என்ன கேள்வி? என் நாற்காலியில!"

"கையேடு படிச்சீங்களா?"

"பாட்டுக்கு எதுக்கும்மா கையேடு? இதெல்லாம் உனக்குப் புரியாது. இது மௌனம். உள்ளுக்குள்ள கேட்கணும்."

"சரி" என்றாள்.

அந்த 'சரி'யில் நான் விழித்துக்கொண்டிருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை. நூலகத்தின் மாடி அறை. பிளாஸ்டிக் நாற்காலிகளில் இருபத்துமூன்று பேர். அவர்கள் போக, மூன்றாவது வரிசையில் மனைவி, மடியில் கைப்பையோடு. பல் டாக்டர் தன் வீட்டு ஸ்பீக்கர் இரண்டையும் கொண்டுவந்து மேடையின் இந்தக் கோடியில் ஒன்று, அந்தக் கோடியில் ஒன்றாக நிறுத்தியிருந்தார். ஒவ்வொன்றும் பீரோ அளவு.

பேசினேன். எனக்கே என்மேல் மரியாதை வருகிற மாதிரி பேசினேன். "நண்பர்களே, இந்த நாலு பேரும் பாடியதற்காக இதைக் கேட்காதீர்கள். பாடாமல் விட்டதற்காகக் கேளுங்கள். கண்ணை மூடுங்கள். அந்தப் பதினேழு வினாடியில் உங்கள் மூச்சைத் தவிர எதுவும் கேட்காது" என்று முடித்து ஊசியை வைத்தேன்.

இருபத்துமூன்று பேரும் கண்ணை மூடினார்கள். ஒருத்தி மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இடதுபக்கத்திலிருந்து அவர் கேட்டார், விளக்கை அணைத்தாயா என்று. குச்சி டிக் டிக் என்றது.

வலதுபக்கத்திலிருந்து ஒரு பெண் பதில் சொன்னாள்.

தாழ்ந்த குரல். அவசரமே இல்லை. ஈரத்துணியைப் பிழிந்துகொண்டே பேசுகிறவளைப் போல வார்த்தை வார்த்தையாக முறுக்கிப் பாடினாள். அவளுக்குக் கீழே ஓர் ஆர்கன், அதற்கும் கீழே பேஸ் கிடார், தரையே மெல்ல நகர்வது மாதிரி. பதினேழு வினாடியும் நிரம்பி வழிந்தது. அவர் அடுத்த கேள்வி கேட்டார். அதை அவர் ஏன் குரல் தாழ்த்திக் கேட்கிறார் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவள் பதில் முடிகிற இடத்திலிருந்து எடுக்கிறார். நாலாவது கேள்விக்கு அவள் உடனே பதில் சொல்லவில்லை. ஆர்கனை நீளவிட்டாள். பிறகு, எவ்வளவு கோபம் மிச்சமிருக்கிறது என்பதை அவள் பாடியபோது எனக்கு மைக் ஸ்டாண்டைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அவர் ஒரு ஸ்பீக்கரில், அவள் இன்னொன்றில்; அவளைத்தான் சமையலறை டப்பாக்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன். ஒன்றரை வருஷம் ஒற்றைச் சுவரைப் பார்த்துக் கோபுரம் என்று கும்பிட்டிருக்கிறேன். கோபுரம் இதோ நிற்கிறது. அழகு என்ற வார்த்தை போதவில்லை.

பாட்டு முடிந்தது. இருபத்துமூன்று ஜோடிக் கண்களும் திறந்து என்மேல் குத்தின. பல் டாக்டர் சட்டைப்பையிலிருந்து பழைய பூதக்கண்ணாடியை எடுத்து அட்டையின் அடி ஓரத்தை, கடைவாய்ப் பல்லைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"சார், இங்க பொடி எழுத்துல 'பதில் குரல்'னு ஒரு அம்மா பேரு போட்டிருக்கே. நீங்க என்னவோ மௌனம்னீங்க?"

நாலு பேருக்குமான கைதட்டல் கண்ணெதிரே செத்துக்கொண்டிருந்தது. சிரிப்பு முதல் வரிசையில் கிளம்பிவிட்டது.

மூன்றாவது வரிசையில் மனைவி எழுந்தாள்.

"டாக்டர், அவர் வேணும்னேதான் அப்படிப் பேசினாரு. பொடி எழுத்துல போட்ட அம்மாவைப் பத்தி முதல்லயே சொல்லியிருந்தா, நீங்க யாராவது கவனிச்சிருப்பீங்களா? ஏதோ ஒரு பொம்பளை பாடுறான்னு விட்டிருப்பீங்க. யாரும் இல்லைன்னு நாற்பது நிமிஷம் சொன்னதாலதான் அவ வாயைத் திறந்ததும் எல்லாரும் நிமிர்ந்து உக்காந்தீங்க. வீட்டுல எவ்வளவு ஒத்திகை பார்த்தாரு தெரியுமா!"

முதல் வரிசையில் சிரிப்பு நின்றது. பிறகு கைதட்டல். பல் டாக்டர் எழுந்து நின்று தட்டினார். பின்வரிசையில் ஒருவர், "இன்னொரு தடவை போடுங்க சார்!" என்று கத்தினார். நான் ஊசியை மறுபடி வைத்தேன். அவசரத்தில் அது இரண்டாவது பாட்டில் விழுந்தது. அதற்கும் தட்டினார்கள். மூன்றாவது வரிசையில் இரண்டு கைகள் எல்லோருக்கும் முன்னால் தட்டிக்கொண்டிருந்தன.

பஸ்ஸில் ஜன்னலோரம் அவள் உட்கார்ந்தாள்.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"டப்பாவுக்குப் பின்னாடி நீங்க ஸ்பீக்கரை வெச்ச அன்னிக்கே. தூசி தட்டுறது இந்த வீட்டுல யாரு?"

"ஏன் சொல்லலை?"

"எத்தனை தடவை சொல்றது? பொம்பளைக் குரல் கேட்குதுன்னேன். நான் பாடலைன்னேன். நேத்துகூட எங்க உக்காந்து கேட்டீங்கன்னு கேட்டேன். உனக்குப் புரியாதுன்னீங்க. புரியாதவ எதுக்குப் பேசணும்?"

"நாளைக்கு டாக்டருக்கு போன் பண்ணி உண்மையைச் சொல்லிடறேன். அந்தக் கைதட்டலை நான் வாங்கிக்கக் கூடாது."

"அது உங்களுக்குன்னு யாரு சொன்னா? நான் அந்தம்மாவுக்குத் தட்டினேன்."

அவள் ஜன்னலைப் பார்த்தபடி நாலாவது பதிலை முணுமுணுத்தாள். ஆர்கன் நீளுகிற இடத்தில் சரியாக நிறுத்தி, சரியாக எடுத்தாள். ஒரு சுரம் பிசகவில்லை. ஆனால் ஒன்று உதைத்தது: அந்தப் பாடகரின் கேள்விகளையும் சேர்த்தே முணுமுணுத்தாள்.

"கிச்சன்ல அந்தம்மா மட்டும்தானே கேட்கும்? அவர் பாட்டு உனக்கு எப்படித் தெரியும்?"

"நடைபாதையில நான் இஸ்திரி போடற மேஜை இருக்குல்ல, அங்க நின்னா ரெண்டும் சேர்ந்து வரும். உங்க ரூம் கதவு முழுசா சாத்தாது. சாத்தினதா நீங்கதான் நினைச்சுக்குவீங்க."

"அப்ப நீ முழு ஆல்பமும்..."

"ஒன்றரை வருஷமா. வேலைக்குப் போட்டுக்கற வெள்ளைக் கோட்டு ரெண்டு, உங்க சட்டை நாலு. ரெண்டு பக்கமும் முடிஞ்சிடும். முதல் வாரம் மிக்ஸி மாதிரிதான் இருந்துச்சு. அப்புறம் ஒருநாள் அந்தம்மா பதில் சொல்றதைக் கேட்டு அடுப்பை அணைச்சுட்டு நின்னேன். இந்த மாதிரி ஒண்ணை நான் கேட்டதே இல்லைங்க."

திட்டம் ஒன்றரை வருஷத்துக்கு முன்பே ஜெயித்துவிட்டது. எனக்குத்தான் தகவல் வரவில்லை.

"வீட்டுக்குப் போனதும் கிச்சன் ஸ்பீக்கரைக் கழட்டி என் ரூம்ல வெச்சுடறேன். ரெண்டு பேரும் உக்காந்து..."

"அதுமேல கை வைக்காதீங்க. நான் சமைக்கறப்ப அந்தம்மா எனக்கு வேணும்."

"அப்படின்னா நடைபாதையில ஒரு நாற்காலி போட்டுக்கறேன்."

"நாற்காலி போட்டா யாரு தாண்டிப் போறது? அங்க இஸ்திரி போடற ஆள் ஒருத்தர் நிக்கத்தான் இடம்."

எங்கள் நிறுத்தம் வந்தது. இறங்கினோம்.

திங்கட்கிழமை முதல் எங்கள் வீட்டில் இஸ்திரி போடுவது நான்.