மேனேஜர் மீசையும் ஆட்டு ஈரலும்

தெரியாத சமையலைத் தெரியும் என்று சொல்பவனைப் போல ஆபத்தான பிராணி உலகத்தில் இல்லை. பொய் சொன்னதோடு நிறுத்தமாட்டான். போய் அடுப்பையும் பற்றவைத்துவிடுவான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கிழக்குத் தாம்பரத்தில் அப்படி ஒரு பிராணி டை கட்டிக்கொண்டு திரிந்தது. அது நான்தான்.

அப்போது ஒரு மருந்து கம்பெனியில் எனக்கு வேலை. இன்னும் நிரந்தரமாகாத வேலை. நிரந்தரமாக்கலாமா வேண்டாமா என்று அடுத்த வாரம் மேனேஜர் எழுதப்போகும் ஒற்றை வரியில் என் கல்யாணமும் தொங்கிக்கொண்டிருந்தது. ("ஆர்டர் கைக்கு வரட்டும், அப்புறம் பேசலாம்" என்று பெண் வீட்டார் நாசூக்காகச் சொல்லியிருந்தார்கள்.)

மேனேஜர் சில மாதம் வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்தவர். போகும்போது ஊறுகாயோடு போனார், வரும்போது கொள்கையோடு வந்தார். சோறு, இட்லி, ரொட்டி, சர்க்கரை எதையும் தொடமாட்டார். மாவுச்சத்து விஷமாம். கறி, முட்டை, வெண்ணெய் மட்டும் தின்றால் உடம்பு இளைத்துவிடுமாம். (அவர் தொப்பைக்கு இந்தத் தகவல் இன்னும் போய்ச் சேரவில்லை.) நாங்கள் தயிர் சாதத்தைப் பிசையும்போதெல்லாம் "லிவர் பாத்தே" என்று பெருமூச்சு விடுவார். ஈரலை வெண்ணெயில் வதக்கி, விழுதாக அரைத்து, குளிரவைத்து, வெள்ளரிக்காய் வில்லையில் தடவிச் சாப்பிடுவதாம்.

"இந்த ஊர்ல எவனுக்குய்யா அதெல்லாம் தெரியும்?" என்றார் ஒருநாள்.

"எனக்குத் தெரியும் சார்" என்றேன். அதைச் சொன்ன நாக்கை இன்றைக்கும் நான் மன்னிக்கவில்லை.

"அப்படியா! ஞாயித்துக்கிழமை செம்பாக்கத்துக்கு வீட்டுக்கு வா. எடுத்துட்டு வா."

சனிக்கிழமை காலையில் கறிக்கடை பாயிடம் போய் நின்றேன்.

"ஈரலா? வறுக்கவா, கொழம்புக்கா?"

"அரைக்கிறதுக்கு பாய்."

பாய் கத்தியைக் கீழே வைத்தார். "அரைச்சா? இன்னாபா, வூட்ல பல்லு போனவங்க யார்னா கீறாங்களா?"

வீட்டில் அம்மா அதைவிட மோசம். "மிளகு போட்டு வறுத்தா அமிர்தமா இருக்கும். அதை எதுக்குடா களிம்பாக்கற?"

"உனக்குப் புரியாதும்மா" என்றேன். அந்த வயதில் எனக்கு அடிக்கடி பயன்பட்ட வாக்கியம் அது. எனக்குப் புரியாத விஷயங்களுக்கெல்லாம் அதைத்தான் சொல்வேன்.

தாம்பரம் வோல்டேஜில் மிக்ஸி சுற்றியது என்று சொல்லமுடியாது, யோசித்தது. வெண்ணெயை அள்ளிப்போட்டேன். பிராந்தி ஊற்றவேண்டுமாம். இஞ்சிச் சாறு ஊற்றினேன். வெளிநாட்டு இலை ஏதோ சேர்க்கவேண்டுமாம். கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் ஒரு கட்டு சேர்த்தேன். வாசனைக்குக் கிராம்பு. கடைசியில் பச்சையும் பழுப்புமாக ஒரு விழுது வந்தது. சுவைத்துப் பார்த்திருக்கலாம். ஆனால் எப்படி இருக்கவேண்டும் என்றே தெரியாதவன் சுவைத்து என்ன கண்டுபிடிக்கப்போகிறான்?

எங்கள் காம்பவுண்டில் இருந்த அத்தனை போர்ஷனுக்கும் சேர்த்து ஒரே ஒரு ஃபிரிட்ஜ், வசந்தா அக்கா வீட்டில். எல்லார் வீட்டு மாவும் பூவும் சொட்டு மருந்தும் அதற்குள்தான். நான் குளிக்கப் போன நேரத்தில் அம்மா விழுதை ஓர் எவர்சில்வர் சம்படத்தில் போட்டு மூடி வைத்திருந்தாள். நான் அதைக் கொண்டுபோய் ஃபிரிட்ஜின் மேல்தட்டில் வைத்தேன்.

"என்ன சேகரு அது?" என்றார் அக்கா.

"ஃபாரின் ஐட்டம்க்கா. சொன்னாலும் உங்களுக்குத் தெரியாது."

ஞாயிறு காலை அக்கா வீட்டில் ஒரே அமளி. மறுநாள் அவர் தங்கை ஜெயந்திக்கு நிச்சயதார்த்தம். நானே ஃபிரிட்ஜைத் திறந்தேன். இரண்டு சம்படங்கள் இருந்தன. ஒன்றின் மூடியில் 'வசந்தா' என்று பெயர் வெட்டியிருந்தது, மற்றொன்றில் 'சரோஜா', அதாவது என் அம்மா. படித்தவன் அல்லவா, பெயரைப் படித்து சரோஜாவை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

செம்பாக்கத்தில் மேனேஜர், அவர் மனைவி, எங்கள் கணக்குப் பிரிவு சீனியர் ஒருவர். மூடியைத் திறந்தபோது நேற்றைவிடப் பச்சையாகத் தெரிந்தது. குளிரில் நிறம் ஏறியிருக்கிறது என்று நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். மேனேஜர் விரலாலேயே வழித்து, வெள்ளரி வில்லையில் அப்பி, வாயில் போட்டார். அவர் முகம் ஒருமுறை சுருங்கி விரிந்தது.

"கொஞ்சம் கசக்குது" என்றார்.

"ஒரிஜினல்னா கசக்கத்தான் சார் செய்யும்" என்றேன்.

ருசி தெரியாதவன் என்று பெயரெடுக்க அவருக்கு மனமில்லை. "கரெக்ட், கரெக்ட். அங்கேயும் இப்படித்தான்" என்று இன்னும் இரண்டு வில்லையை உள்ளே தள்ளினார். மேலதிகாரி ரசிக்கும்போது சீனியர் துப்பவா முடியும்? "ஃபர்ஸ்ட் கிளாஸ் சார்" என்று கண்ணில் நீர்வர விழுங்கினார். எனக்கு வேலை நிரந்தரமாகி, கல்யாணமாகி, முதல் குழந்தைக்குப் பெயர்கூட வைத்துவிட்டேன்.

மேனேஜரின் மனைவிதான் முதலில் கவனித்தார். "என்னங்க, உங்க மீசை ஏன் இப்படி இருக்கு?"

நரைத்த மீசையின் கீழ்ப்பாதி ஆரஞ்சு நிறத்தில் ஜொலித்தது. விரல் நுனிகளும் அப்படியே, நாக்கும் அப்படியே. அந்த அம்மாள் சம்படத்தை எடுத்து முகர்ந்து பார்த்தார். அடுத்த நிமிஷம் சோபாவில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்.

"ஐயோ, இது மருதாணிங்க! என் கல்யாணத்துக்கே எனக்கு இப்படிச் செவக்கல!"

நான் ஓடினேன். காம்பவுண்டில் ஜெயந்தி இரண்டு கைகளிலும் என் ஆட்டு ஈரலைப் பூசிக்கொண்டு மணப்பெண் கணக்காக உட்கார்ந்திருந்தாள். எதிரே நாக்கைச் சப்புக்கொட்டியபடி மூன்று பூனைகள். தான் அரைத்த மருதாணி இத்தனை வழவழப்பாக வந்ததில் அக்காவுக்கு அதுவரை ஏக பெருமையாம்.

விஷயம் அற்பமானது. என்றோ சர்க்கரைப் பொங்கலோடு எங்கள் வீட்டுக்கு வந்த வசந்தா அக்காவின் சம்படம் திரும்பவே இல்லை. அதில்தான் அம்மா ஈரலைப் போட்டிருந்தாள். மீன் குழம்போடு அவர்கள் வீட்டுக்குப் போன எங்கள் சம்படமும் திரும்பவில்லை. அதில்தான் அக்கா மருதாணியை வைத்திருந்தார். நானும் பெயரைப் பார்த்து எடுத்தேன், அக்காவும் பெயரைப் பார்த்து எடுத்தார்.

ஜெயந்தி வெளுத்த கையோடும் லேசான கிராம்பு வாசனையோடும் நிச்சயதார்த்தத்தில் உட்கார்ந்தாள். கல்யாணம் நின்றுவிடவில்லை, ஆனால் பல வருஷம் என்னோடு பேசவில்லை. மேனேஜர் மீசையை மழித்துக்கொண்டு ஆபீசுக்கு வந்தார். என் கண்ணைப் பார்க்காமலே "இன்னும் கவனிக்க வேண்டியவர்" என்று எழுதினார். புரொபேஷன் நீண்டது. பெண் வீட்டார் ஜாதகத்தைத் தபாலில் திருப்பி அனுப்பினார்கள்.

பிறகு வேறு வேலை, வேறு இடத்தில் கல்யாணம் எல்லாம் நடந்தது. ஆனால் கதை எனக்கு முன்னால் போய் அந்த வீட்டிலும் உட்கார்ந்துகொண்டது. இன்றைக்கும் நான் ஏதாவது சமைத்து மேஜையில் வைத்தால், அது வெறும் ரவா உப்புமாவாக இருந்தாலும், என் மனைவி கரண்டியைத் தொடுவதற்கு முன்னால் மரியாதையாகக் கேட்பாள்:

"இது சாப்பிடறதாங்க, பூசிக்கறதா?"