ஹீட்டர் விசிறியும் என் வீட்டு நிர்வாகமும்

ஓய்வு பெற்ற மறுநாளே ஒரு முடிவுக்கு வந்தேன். இத்தனை காலம் அலுவலகத்தை நிர்வாகம் செய்தது போதும். இனி வீட்டை நிர்வாகம் செய்வது. அலுவலகத்தில் எனக்குக் கீழே ஒரு பெரிய பிரிவே இருந்தது. வீட்டில் இருப்பது ஒரே ஒரு மனைவி. சுலபம் என்று நினைத்துவிட்டேன்.

முதலில் சமையலறை டப்பாக்களை அகர வரிசையில் அடுக்கினேன். அன்றைக்குக் காப்பி கரித்தது. புது நிர்வாகத்தில் இதெல்லாம் சகஜம் என்று குடித்துவிட்டேன்.

அடுத்தது தையல் அறை. என் மனைவி திரைச்சீலை தைக்கிறவள். ஒரு ஓட்டலின் எல்லா அறைகளுக்கும் திரை தைத்துத் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தாள். மாதக் கடைசிக்குள் கொடுக்காவிட்டால் ஆர்டர் கைநழுவிப் போய்விடும். சும்மா விடலாமா? மெஷினுக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

"ஏன் நடுவுல நடுவுல நிறுத்தற?"

"நீங்க கேள்வி கேக்கறப்போ நிறுத்தறேன்."

"நான் கேக்காதப்பவும் நிறுத்தினியே?"

"அடுத்த கேள்வி வரும்னு நிறுத்தினேன்."

அந்தச் சமயத்தில்தான் எங்கள் வேனின் ஹீட்டர் விசிறி நின்றுபோனது. திரைகளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்காக அவள் வாங்கிய பழைய வேன் அது. குளிர்காலக் காலையில் அந்த விசிறி ஓடாவிட்டால் கால் விறைத்துப்போகும். முன் கண்ணாடியில் ஆவி படிந்து பாதையே தெரியாது.

"மெக்கானிக்கைக் கூப்பிடட்டுமா?"

"பின்னே நான் எதுக்கு இருக்கேன்?"

அந்தக் கேள்வியை அவளும் சில நாளாக யோசித்துக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது.

டார்ச்சும் ஸ்க்ரூ டிரைவருமாக வேனுக்குள் ஏறினேன். விசிறிக் குமிழைத் திருகினேன். எந்த வேகத்திலும் மூச்சுப் பேச்சில்லை. ஃப்யூஸைப் பிடுங்கிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. டாஷ்போர்டுப் பெட்டியைக் கழற்றிவிட்டுத் தலையை உள்ளே விட்டேன். தலை சுலபமாகப் போயிற்று, திரும்பி வரவில்லை. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்து யோசித்தேன். விசிறிக் கூண்டுக்குள் காய்ந்த இலைகள், ஒரு சீப்பு, அவள்தான் தொலைத்தாள் என்று போன வருஷம் நான் கத்திய என் ஒற்றைக் கையுறை. இலையையும் சீப்பையும் அவளிடம் காட்டினேன். கையுறையைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

மோட்டாருக்குப் பேட்டரியிலிருந்து நேராகக் கரண்ட் கொடுத்தேன். ஜோராகச் சுற்றியது. அப்படியானால் மோட்டார் நிரபராதி. ஒயர் ஒயராகப் பிடித்துக்கொண்டு போனதில், ஒரு வாரம் கழித்துக் குற்றவாளி சிக்கினான். வண்டியின் உடம்போடு முடுக்கியிருக்கும் எர்த் ஒயர் துருப்பிடித்துத் தளர்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. உப்புத்தாளால் தேய்த்து இறுக்கினேன். சூடான காற்றும் பல வருஷத் தூசியும் முகத்தில் அடித்தன. பதவி உயர்வு வந்தபோதுகூட நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

கையோடு அவளைக் கூட்டிவந்து பாடம் நடத்தினேன்.

"இந்தப் பச்சை ஃப்யூஸ் இருக்கே, இதுதான் விசிறிக்கு. இதை எடுத்துட்டா விசிறி அம்பேல்."

"எடுக்கறது கஷ்டமா இருக்குமாங்க?"

"நகத்தால இழுத்தாலே வந்துடும்."

"எடுத்தா வேற எதுவும் கெட்டுப்போகாதே?"

"ஒண்ணும் ஆகாது. திரும்பச் செருகினா பழையபடி ஓடும்."

கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்ன எதையும் அவள் இவ்வளவு அக்கறையாகக் கேட்டதில்லை. எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

மறுநாள் தையல் அறையில் மறுபடி நாற்காலி போட்டேன். மடிப்புகள் சமமாக இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.

"ஏங்க, வேனை ஸ்டார்ட் பண்ணிப் பாத்தேன். விசிறி திரும்பவும் நின்னுபோச்சு."

ஓடினேன். ஃப்யூஸ் நல்லது என்றுதான் போன தடவையே பார்த்தாயிற்றே, அதன் பக்கமே திரும்பவில்லை. மோட்டாரைக் கழற்றினேன், நல்லது. எர்த் ஒயர், நல்லது. தனித்தனியாக எல்லாமே நல்லது. சேர்ந்து வேலை செய்யச் சொன்னால்தான் செய்யவில்லை. அலுவலகத்தில் என் பிரிவும் இப்படித்தான் இருந்தது.

நாட்கள் ஓடின. வீட்டுக்குள்ளிருந்து தையல் மெஷின் சத்தம் நிற்காமல் கேட்டது. வேளாவேளைக்குச் சூடாக டீ வந்தது.

"இன்னிக்கும் கண்டுபிடிக்க முடியலியா? பரவாயில்லங்க, நிதானமாப் பாருங்க."

இப்படி ஒரு மனைவி யாருக்குக் கிடைப்பாள் என்று உருகிப்போய்க் குடித்தேன்.

திரைகளைக் கொடுக்க வேண்டிய நாளுக்கு முந்தின நாள் என் சட்டைப் பட்டன் அறுந்தது. அவளுடைய பட்டன் டப்பாவைத் திறந்தேன். உள்ளே பச்சையாக ஒன்று.

"இது என்ன?"

"பட்டன்."

"முப்பதுன்னு போட்டிருக்கே?"

"சைஸா இருக்கும்."

"இதுல ஓட்டையே இல்லையே?"

"அதான் இன்னும் எந்தச் சட்டையிலயும் தைக்கல."

கோபப்படலாம் என்றுதான் நினைத்தேன். அவளுக்குப் பின்னால் சுவரோரமாகத் திரைகள் அத்தனையும் தைத்து முடித்து, மடித்து, கட்டிவைக்கப்பட்டிருந்தன. குனிந்து பார்த்தேன். மடிப்புகள் எல்லாம் சமமாகவே இருந்தன.

மறுநாள் காலை அந்தப் 'பட்டனை' வேனில் அதன் இடத்தில் செருகிவிட்டு, இருவருமாகப் போய்க் கொடுத்துவிட்டு வந்தோம். வெளியே நல்ல குளிர். வேனுக்குள் காலெல்லாம் கதகதப்பு.

"நெஜமாவே நல்லா ரிப்பேர் பண்ணியிருக்கீங்க," என்றாள். கேலி இல்லை. எனக்கு மனசு நிறைந்துவிட்டது. இருந்தாலும் உஷாராக இருக்க வேண்டுமே. வழியில் இறங்கி ஒரு டப்பா பச்சை ஃப்யூஸ் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

"இனிமே நீ எத்தனை பிடுங்கினாலும் நான் செருகிடுவேன். என்னை ஏமாத்த முடியாது."

"முடியவே முடியாதுங்க," என்று ஒப்புக்கொண்டாள்.

அடுத்த ஆர்டர் வந்தது. நான் நாற்காலியைத் தூக்கினேன்.

"ஏங்க, வேன்ல ஏதோ ஒரு சத்தம் வருதே, கவனிச்சீங்களா?"

"சத்தமா? நான் கேக்கலியே."

"விட்டு விட்டுத்தான் வருது. உங்களுக்குக் கேக்கலேன்னா விட்டுடுங்க."

எனக்கா கேட்காது?

வேனுக்குள் உட்கார்ந்துதான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். விசிறி பிரமாதமாக ஓடுகிறது. டீயும் வந்துவிட்டது. சத்தம் மட்டும் இன்னும் வரவில்லை. அதுதான் எனக்குப் பெரிய சந்தேகமாக இருக்கிறது.