மூன்றாம் தடவை கேட்காத கரடி

ஒரு காட்டில் யாருக்குமே நீண்ட நாள் வாழ வேண்டும் என்ற ஆசை இல்லை. சந்தேகமாக இருந்தால் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பார்த்திருக்கலாம். "கை கால் நல்லா இருக்கும்போதே போய்ச் சேர்ந்துடணும்" என்று சிங்கம் சொல்லும். "படுக்கையில விழக் கூடாது, அவ்வளவுதான்" என்று யானை சொல்லும். யானை படுக்கையில் விழுந்தால் யார் தூக்குவது என்ற கவலையில் மற்றவர்களும் ஆமோதிப்பார்கள்.

இந்த விஷயத்தில் எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டவள் செங்கமலம் என்ற கிழக்கரடி. காலையில் கஷாயம் குடிப்பதற்கு முன்னால், "என்னை எப்பக் கூப்பிட்டுக்கப் போறானோ" என்பாள். குடித்து முடித்து வாயைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை சொல்வாள். கஷாயம் வரத் தாமதமானால் மட்டும் சொல்ல மாட்டாள். அன்றைக்கு, "இந்தக் குகையில ஒருத்தி உயிரோட இருக்கணும்னு யாருக்காவது எண்ணம் இருக்கா?" என்று கேட்பாள்.

கஷாயம் போடுகிறவள் மருமகள் அம்சவேணி. அவளுக்கு ஒரு கணவன் உண்டு. இந்தப் பக்கத்துக் கரடிகளுக்குக் குளிர்காலத் தூக்கம் கிடையாது என்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் போட்டிருக்கிறது. அவன் அந்தப் புத்தகத்தைப் படிக்கவில்லை. கோடைகாலத்திலும் தூங்கினான்.

அம்சவேணிக்கு இருந்தது ஒரே ஒரு ஆசை. குன்றுக்கு அந்தப் பக்கம் அவள் தங்கை பொற்கொடி இருந்தாள். அங்கே இலுப்பை மரங்கள் அதிகம். பூ உதிரும் பருவத்தில் மரத்தடியில் உட்கார்ந்து, யாருக்கும் எடுத்துக் கொடுக்காமல், தான் மட்டும் பொறுக்கித் தின்ன வேண்டும். தங்கை வருஷா வருஷம் கூப்பிடுவாள். வருஷா வருஷம் அம்சவேணி கிளம்பும் அன்று அத்தைக்கு நெஞ்சு படபடக்கும். "நீ போயிட்டு வாம்மா, நான் இருந்தா வந்து பாரு" என்பாள். மருமகள் மூட்டையைப் பிரித்ததும் படபடப்பு நின்றுவிடும். இலுப்பைப் பூவின் பருவமும் முடிந்துவிடும்.

அந்தக் காட்டு மரியாதை ஒன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். யார் எதைக் கொடுத்தாலும் உடனே வாங்கிவிடக் கூடாது. முதல் தடவை கேட்டால், "ஐயோ, வேண்டாம்." இரண்டாம் தடவை கேட்டால், "இப்பத்தான் ஆச்சு." மூன்றாம் தடவை கேட்டால், "நீ இவ்வளவு சொல்றே, அதனால" என்று வாங்கிக்கொள்ளலாம். முதல் தடவையே வாங்குகிறவன் காணாததைக் கண்டவன். மூன்றாம் தடவை கேட்காதவள் நல்ல குடும்பத்தில் வளராதவள். அம்சவேணி நல்ல குடும்பத்தில் வளர்ந்தவள். தேனடை, கிழங்கு, கறையான், கஷாயம் எல்லாவற்றையும் மும்மூன்று தடவை கேட்டுக் கேட்டு அவள் தொண்டை கட்டிப்போயிருந்தது.

இப்படி இருக்கும்போது ஒரு நாள் காக்கை மைக்கைப் பிடித்துக்கொண்டு காடு முழுக்கப் பறந்தது. வெள்ளைப் பாறையில் ஊற்று ஒன்று சுரக்கப் போகிறது. அந்தத் தண்ணீரை ஒரு தொன்னை குடித்தால் நூறு வயசு நிச்சயம். நாளைக் காலை இலவச முகாம். உச்சிவெயில் ஏறினால் ஊற்று வற்றிவிடும். அடுத்து எப்போது சுரக்கும் என்று சொல்வதற்கில்லை.

"எனக்கெதுக்குடி அதெல்லாம்?" என்றாள் செங்கமலம். "நீ வேணாப் போ, அம்சா."

"எனக்கும் வேண்டாம் அத்தை. வேலை கிடக்கு."

மறுநாள் விடிவதற்குள் செங்கமலம் குளித்து, ரோமத்தைச் சீவி, குகை வாசலில் நின்றாள். "தனியா எப்படிப் போவே? காலம் கெட்டுக் கிடக்கு. துணைக்கு வரேன்."

அம்சவேணி ஒரு கணம் யோசித்தாள். அத்தை அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டால் நூறு வயசு உறுதி. நூறு வயசு உறுதியானவளுக்கு நெஞ்சு எப்படிப் படபடக்கும்? இந்த வருஷப் பூ இன்னும் முடியவில்லை. அவள் மறுபேச்சு பேசாமல் கிளம்பினாள்.

வெள்ளைப் பாறையில் மொத்தக் காடும் நின்றது. மரங்கொத்தி இலையில் ஓட்டை போட்டு டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தது. ஒருத்தரும் தனக்காக வரவில்லை. சிங்கம் முகாமைத் தொடங்கிவைக்க வந்திருந்தது. மான் நரிக்குத் துணையாக வந்திருந்தது. நரி மானுக்குத் துணையாக வந்திருந்தது.

தண்ணீரை மொண்டு கொடுக்க வந்திருந்தது ஒரு கூழைக்கடா. வெளிதேசத்திலிருந்து வலசை வந்த பறவை. வாய் அத்தனை பெரிசாக இருந்தும் அதிகம் பேசாது.

முதலில் சிங்கம் போய் நின்றது.

"வேணுமா?" என்றது கூழைக்கடா.

"எனக்கெதுக்கும்மா? பின்னால நிக்கிறவங்களுக்குக் கொடுங்க."

"சரி. அடுத்தது."

சிங்கம் நகரவில்லை. இரண்டாம் தடவைக்காகக் காத்து நின்றது. கூழைக்கடா அதன் முகத்தைப் பார்த்தது. "ஐயா, வழி விடுங்க."

ராஜா நகர்ந்தது. ராஜாவே வேண்டாம் என்ற பிறகு, வேணும் என்று சொல்ல யாருக்கு முகம் உண்டு?

அடுத்தது நரி. "எனக்குன்னு ஒண்ணும் ஆசையில்லைங்க. பேத்தி கல்யாணத்தைக் கண்ணால பார்த்துட்டாப் போதும்."

"பேத்தி எங்கே?"

"இன்னும் பிறக்கலை."

"வேணுமா, வேண்டாமா?"

நரி சிங்கத்தை ஒரு பார்வை பார்த்தது. "வேண்டாங்க."

"அடுத்தது."

ஆமை வந்தது. "எங்கிட்ட ஏற்கெனவே இருக்கு. வீட்டுல கேட்டாங்க. பார்சல் உண்டா?"

"பார்சல் கிடையாது. அடுத்தது."

வரிசை இத்தனை வேகமாக நகர்ந்து அந்தக் காட்டில் யாரும் பார்த்ததில்லை. வேண்டாம் என்றவர்கள் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. சுற்றி நின்று, யாராவது வேணும் என்று சொல்கிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். சொன்னால் காலத்துக்கும் சொல்லிக் காட்டலாம்.

வெயில் ஏறியது. ஊற்று நூலாகிவிட்டது. கடைசியில் நின்றது இரண்டு கரடிகள்.

"முட்டி வலிக்கும் இதேதானா?" என்று செங்கமலம் விசாரித்தாள்.

"இது ஆயுளுக்கு மட்டும். முட்டிக்கு வேற முகாம்." கூழைக்கடா தொன்னையில் தண்ணீரைப் பிடித்தது. தொன்னை நிரம்பியதும் ஊற்று நின்றுவிட்டது. "கடைசித் தொன்னை. வேணுமா?"

"எனக்கா? ஐயோ, வேண்டாம். வாழ்ந்தது போதாதா? அவளுக்குக் குடுங்க."

கூழைக்கடா தொன்னையை அம்சவேணி கையில் கொடுத்துவிட்டு, வேலை முடிந்தது என்று சிறகை உதறியது.

அம்சவேணிக்கு இதெல்லாம் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. அத்தைக்குத் தாகம் என்பது கண்ணிலேயே தெரிந்தது. தொன்னையை நீட்டினாள்.

"குடிங்க அத்தை."

"வேண்டாம்டி. கிழத்துக்கு எதுக்கு?"

"குடிங்க. உங்களுக்காகத்தானே வந்தோம்."

"எனக்காகவா? நல்லா இருக்கே கதை. நான் உனக்குத் துணைக்கு வந்தேன்." அதைச் சொல்லும்போதே செங்கமலத்தின் கை தொன்னைக்கு அருகில் வந்துவிட்டது. இன்னும் ஒரு தடவைதான் பாக்கி. மொத்தக் காடும் பார்த்துக்கொண்டு நின்றது.

அம்சவேணி வாயைத் திறந்தாள். தொண்டை கரகரத்தது. நெஞ்சிலிருந்து ஒரு இருமல் வந்தது. அந்தக் கரகரப்பு எப்படி வந்தது என்று அவளுக்குத் திடீரென்று ஞாபகம் வந்தது. கேட்டுக் கேட்டு வந்தது. மற்றவர்களுக்கு எப்போது வேணும், எப்போது வேண்டாம் என்பதை அவர்கள் வாயைத் தவிர மற்ற எல்லாவற்றிலிருந்தும் தெரிந்துகொண்டு, அதையும் மூன்று தடவை கேட்டு வந்தது. அவளுக்கு வேணுமா என்று ஒருத்தரும் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. இப்போதுதான் ஒரு பறவை, அதுவும் வெளியூர்ப் பறவை, கேட்காமலேயே கையில் கொடுத்திருக்கிறது.

"சரி அத்தை" என்றாள் அம்சவேணி. "வேண்டாம்னா விடுங்க."

தொண்டைக்கு இதமாக இருக்கட்டும் என்று தண்ணீரை ஒரே மடக்கில் குடித்தாள்.

செங்கமலத்தின் கை நீட்டியது நீட்டியபடி நின்றது. பிறகு அந்தக் கை மெதுவாக மடங்கி நெஞ்சுக்குப் போனது. "அம்சா, எனக்கு என்னமோ படபடன்னு வருது."

"வரும் அத்தை. வெயில்ல நின்னீங்க இல்ல? நிழல்ல உட்காருங்க. கஷாயம் அடுப்பு மேலயே இருக்கு, உங்க பிள்ளையை எழுப்புங்க. நான் பொற்கொடி வீட்டுக்குப் போயிட்டு, பூ முடிஞ்சதும் வரேன்."

"நான் இருந்தா வந்து பாரு."

"எனக்கு நூறு வயசு. எப்ப வேணாலும் வந்து பார்க்கலாம்."

குன்றைத் தாண்டி அவள் போய்ச் சேர்ந்தபோது பூ கொட்டிக் கிடந்தது. "இன்னும் கொஞ்சம் போடட்டுமா அக்கா?" என்று பொற்கொடி கேட்டாள். "போடு" என்றாள் அம்சவேணி, முதல் தடவையே. தங்கைக்கு அக்காவின் உடம்பைப் பற்றிக் கவலை வந்துவிட்டது.

பூ முடிந்து அவள் திரும்பி வந்தபோது குகை வாசலில் செங்கமலம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். முட்டி மடக்கி நீட்டும் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. தேன் தின்பதை விட்டிருந்தாள். கஷாயத்தைத் தானே போட்டுக் குடித்திருந்தாள். பிள்ளை போட்டது வாயில் வைக்க முடியவில்லை.

"வந்துட்டியா? இருக்கேன், பார்த்துக்கோ" என்றாள்.

அன்றிலிருந்து செங்கமலத்துக்கு நெஞ்சு படபடக்கவில்லை. படபடத்தால் போய்விடுவோம், போய்விட்டால் இவள் இருப்பாள். அந்த எண்ணம் அவளைக் காலையில் சீக்கிரம் எழுப்பியது, ராத்திரி நன்றாகத் தூங்க வைத்தது. "என்னை எப்பக் கூப்பிட்டுக்கப் போறானோ" என்ற பேச்சையும் விட்டுவிட்டாள். யார் காதிலாவது விழுந்து தொலைத்தால் என்ன செய்வது?

அம்சவேணி வருஷா வருஷம் தங்கை வீட்டுக்குப் போய்வந்தாள். நூறு வயசில், சொன்னது சொன்னபடி, நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தாள். செங்கமலம் அழுதுகொண்டே எல்லாரிடமும் சொன்னாள்: "கடைசி வரைக்கும் ஒரு வாய் கஷாயம் வேணுமான்னு மூணாவது தடவை கேட்டதில்லை, மகராசி."

துக்கம் கேட்க வந்த ஆமை செங்கமலத்துக்கு வயசு என்ன என்று கணக்குப் போடப் பார்த்து, பாதியில் விட்டுவிட்டது.

நீதி: நூறு வயசு வாழ ஊற்றுத் தண்ணீர் வேண்டும். அதற்கு மேலும் வாழ, அதைத் தராமல் குடித்துவிட்ட மருமகள் வேண்டும்.