ரெஜினாவின் துவக்குக்கு நான் வாங்கிய பெட்டகம்

ஒரு பொருளை வாங்குவதற்கு முன் மூன்று கிழமை ஆராய்ச்சி செய்கிற ஆண்களை நம்பாதீர்கள். கடைசியில் எல்லோரும் வேண்டாம் என்று சொன்னதைத்தான் வாங்கிக்கொண்டு வருவார்கள். இதை என்னால் அடித்துச் சொல்ல முடியும். நானும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன்தான்.

என் மனைவி ரெஜினா ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சைக் கூடத்துத் தாதி. ஒருமுறை வேலையிடத்து ஆட்கள் எல்லோரும் சேர்ந்து இலண்டனுக்கு வெளியே ஒரு வயல்வெளிக்குப் போய், ஆகாயத்தில் எறிகிற களிமண் தட்டுகளைத் துவக்கால் சுடும் விளையாட்டை விளையாடினார்கள். மற்றவர்கள் வானத்தைச் சுட்டார்கள். ரெஜினா தட்டுகளைச் சுட்டாள். (மணிக்கணக்காக நடுங்காமல் நின்று கத்தரிக்கோல் எடுத்துக் கொடுக்கிற கை. வேறென்ன செய்யும்?) அடுத்த மாதமும் போனாள். ஒரு வருடம் கழித்து அந்தக் கழகத்தின் போட்டியில் கிண்ணம் வென்று வந்து, அதைக் கழுவி அடுக்களையில் கவிழ்த்துவிட்டு, சாப்பாட்டு மேசையில் மெல்லச் சொன்னாள்:

"எனக்கெண்டு ஒரு துவக்கு வாங்கப்போறன்."

நான் கையிலிருந்த சோற்றைத் திரும்பக் கோப்பையில் வைத்தேன். "துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஓடிவந்த ஆக்கள் நாங்கள். இப்ப இலண்டன் ஹரோவில, வீட்டுக்குள்ள துவக்கோ?"

"ஓம். அப்ப சத்தம் கேட்டு ஓடினன். இப்ப அந்தச் சத்தம் என்ர கையில கிடக்கு. இது வேற" என்றாள். என் கோப்பையில் இன்னொரு கரண்டி பருப்பு விட்டாள். அதோடு என் வாதம் முடிந்தது.

துவக்கு வைத்திருக்கப் பொலிஸின் அனுமதிப் பத்திரம் வேண்டும். அதைத் தருவதற்கு முன் ஓர் அதிகாரி வீட்டுக்கு வந்து, துவக்கைப் பூட்டிவைக்கும் இரும்புப் பெட்டகம் ஒழுங்காகச் சுவரோடு இறுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பார். "பெட்டகத்தை என்னட்டை விடும்" என்றேன். துவக்கைப் பற்றித்தான் ஒன்றும் தெரியாது, அதன் பெட்டியைப் பற்றியாவது மேதாவி ஆகிவிடலாமே என்ற நப்பாசை.

ரெஜினா கேட்டது சாவி போட்டுப் பூட்டுகிற, ஒடுங்கலான, சாதாரணப் பெட்டகம். மூன்று கிழமை ஆராய்ச்சிக்குப் பிறகு நான் அவளைக் கூட்டிக்கொண்டுபோய் நிறுத்தியது, வீடே எரிந்தாலும் உள்ளே சூடு ஏறாத ஒரு பெட்டகத்தின் முன்னால். கதவே என் உள்ளங்கை அகலத் தடிப்பு. ஆறு இலக்கம் அழுத்தினால் திறக்கும்.

"வீடு எரிஞ்சால் துவக்கு போகட்டும். நாங்கள் வெளியில வந்தால் போதும்" என்றாள்.

"துவக்குக்கு இல்லை ரெஜி. கடுதாசிகளுக்கு."

அதற்கு மேல் நான் விளக்கவில்லை. ஊரில் எங்கள் வீடு எரிந்தபோது காணி உறுதிப் பத்திரமும் அப்பாவின் சான்றிதழ்களும் என் பிறப்புப் பத்திரமும் சாம்பலானது அவளுக்குத் தெரியும். நான் பிறந்தவன்தான் என்பதை நிரூபிக்க இந்த நாட்டில் எத்தனை அரசாங்கக் கந்தோர்ப் படி ஏறினேன் என்பதும் தெரியும். அந்தக் கதவை ஒருமுறை தடவிப் பார்த்தாள். "சரி, இதையே எடுப்பம்" என்றாள்.

(அன்றோடு நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திராது.)

பிரான்ஸில் இருபது வருடம் கட்டட வேலை செய்துவிட்டு இங்கே குடிவந்த அந்தோனி அண்ணை, இலண்டனின் மறுகோடியில் உள்ள பார்க்கிங் என்ற ஊரிலிருந்து இரண்டு பேரோடு வந்தார். "தம்பி, உது பெட்டகமோ, யானைக்குட்டியோ?" என்று கேட்டுக்கொண்டே அதைப் படிக்கட்டுக்குக் கீழே உள்ள அறைக்குள் தள்ளி, செங்கல் சுவரோடு இறுக்கினார். நான் அதற்குள் வீட்டுக் காகிதங்கள் அத்தனையையும் அடுக்கினேன். திறக்கும் இலக்கமாக எங்கள் கலியாணத் திகதியை வைத்தேன். மறந்துபோனால்? மகள் மேர்சிக்குச் சொன்னேன். அவளும் மறந்துபோனால்? அந்தோனி அண்ணைக்குச் சொன்னேன். போதாக்குறைக்குக் கோவில் கலண்டரின் பின்பக்கத்திலும் எழுதிவைத்தேன். என் தொலைநோக்கை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

அதிகாரி வருகிற சனிக்கிழமை காலையில் ரெஜினா, "இஞ்சேருங்கோ, அந்தப் பெட்டகத்தில ஒரு விசயம்..." என்று தொடங்கினாள்.

"வந்து கேக்கிறன். ரோல்ஸ் முடிஞ்சிடும்" என்று, அதிகாரிக்குக் கொடுக்கிற சிற்றுண்டி வாங்கக் கடைக்கு ஓடினேன். திரும்பி வந்தபோது அதிகாரி வாசலில் நின்றார். நரைத்த தலை, தட்டையான சப்பாத்து, கையில் ஒரு கோப்பு. பார்த்தால் பள்ளிக்கூட அதிபர் மாதிரி ஓர் அம்மா.

உள்ளே வந்து இருந்தவுடன் ரெஜினாவின் உடல்நலம், வேலை எல்லாம் விசாரித்தார். பிறகு ஆங்கிலத்தில் என்னைக் கேட்டார்: "வீட்டில் சண்டை சச்சரவு ஏதும் உண்டா?"

"சண்டையே வராது," என்றேன். "வந்தால் உடனே சரணடைந்துவிடுவேன்!"

நான் மட்டும் சிரித்தேன். அவர் எதையோ எழுதினார். மேசைக்குக் கீழே ரெஜினாவின் கால் என் காலை மிதித்தது.

"பெட்டகத்தின் இலக்கம் யாருக்கெல்லாம் தெரியும்?"

ரெஜினா வாயைத் திறந்தாள். நான் முந்திக்கொண்டேன்.

"எல்லோருக்கும்! எனக்கு, மகளுக்கு, பார்க்கிங்கில் இருக்கிற எங்கள் நண்பருக்கு. கலண்டரிலும் இருக்கிறது. பூட்டிப்போய்த் திறக்க ஏலாது என்ற கதைக்கே இடமில்லை."

அவருடைய பேனா நின்றுவிட்டது. ரெஜினா கண்ணை மூடினாள். அவள் என் புத்தியை எண்ணிப் பூரிக்கிறாள் என்று நினைத்தேன்.

"திறந்து காட்டுங்கள் பார்ப்போம்" என்றார் அதிகாரி.

படிக்கட்டுக்குக் கீழே குனிந்து, இலக்கங்களை விறுக்கென்று அழுத்தினேன். சிவப்பு விளக்கு. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி அழுத்தினேன். சிவப்பு. ஒருவேளை நான்தான் பிழையோ? தலையை வெளியே நீட்டி, வாழ்க்கையில் கேட்கவே கூடாத கேள்வியை, பொலிஸ் சாட்சியாக, என் மனைவியிடம் கேட்டேன்.

"ரெஜி, எங்கட கலியாணம் பதினாலோ, பதினஞ்சோ?"

மாடிப்படியில் நின்ற மேர்சி, "ஓ மை காட், அப்பா!" என்றாள்.

நான் பதினைந்தையும் அழுத்தினேன். பெட்டகம் நீளமாக ஒரு பீப் சத்தம் போட்டுத் தன்னைத் தானே பூட்டிக்கொண்டது. பத்து நிமிடத்துக்கு இனி யாராலும் திறக்க முடியாது என்று கதவில் எழுத்து ஓடியது.

அப்போதுதான் ரெஜினா வாய் திறந்தாள். அவளுடைய ஆங்கிலத்தில் ஓர் அவசரமும் இல்லை. பத்திரம் வைத்திருப்பவரைத் தவிர வேறு ஒருவரும் துவக்குப் பெட்டகத்தைத் திறக்கக் கூடாது என்று விதியில் வாசித்தாளாம். அன்று காலை, நான் எழும்ப முதலே காகிதங்களை வெளியே எடுத்துவிட்டு, இலக்கத்தையும் மாற்றிவிட்டாளாம். கலண்டர்கூட அந்த இடத்தில் இல்லை. "இவருக்குச் சொல்லத்தான் பார்த்தேன்," என்றாள். "ரோல்ஸ் வாங்கப் போய்விட்டார்."

அதிகாரி கோப்பால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார். பத்து நிமிடமும் இரண்டு ரோல்ஸ் சாப்பிட்டபடி ரெஜினாவின் கிண்ணத்தைப் பற்றிக் கேட்டார். அவளும் காற்று வீசும்போது தட்டு எப்படிச் சரியும் என்று கையால் காட்டினாள். மனிதர்கள் தங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைப் பற்றிப் பேசும்போது எவ்வளவு அழகாக ஆகிவிடுகிறார்கள்! நான் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நேரம் முடிந்ததும் ரெஜினா எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று இலக்கத்தை அழுத்தினாள். பச்சை. உள்ளே ஒரு துண்டுக் காகிதம் இல்லை.

போகும்போது அதிகாரி அவளுடைய கையைக் குலுக்கினார். என்னிடம், "உங்களுக்கு ஒன்றும் தெரியாமல் இருப்பதுதான் பாதுகாப்பு. அப்படியே இருங்கள்" என்றார். சில கிழமைகளில் பத்திரம் வந்தது.

அதிகாரி வந்துபோன அடுத்த நாள், ஞாயிறு பூசை முடிந்து வரும் வழியில் ரெஜினா ஒரு சின்னப் பெட்டி வாங்கினாள். அதுவும் தீயில் எரியாதது, காகிதங்களுக்கு மட்டும். அதன் சாவியை என் கையில் வைத்து, "இது உங்கட. ஒருத்தருக்கும் குடுக்காதேங்கோ" என்றாள். நான் அதை என் வீட்டுச் சாவியோடு கோத்துக்கொண்டேன்.

ஆனால் மேர்சி என்னை விடுவதாக இல்லை. ஒவ்வொரு கலியாண நாளும் கேக் வெட்டுவதற்கு முன், வந்திருக்கிற விருந்தினர் எல்லோருக்கும் முன்னால், "அப்பா, இண்டைக்கு எத்தினையாம் திகதி?" என்று கேட்பாள். நான் ஒரு விநாடி யோசித்தாலும் போதும், "பீ...ப்!" என்று நீளமாகக் கத்துவாள். ரெஜினா கத்தியைக் கீழே வைத்துவிட்டு, சிரிக்காமல் சொல்லுவாள்:

"பத்து நிமிசம் பொறு பிள்ளை. பிறகு திரும்பக் கேள்."